சின்ன லேத்தில் மரை: லினக்ஸ்சிஎன்சி எப்படி வெட்டுகிறது?

மேசைமேல் வைக்கும் சின்ன லேத்தைக் கணினியோடு இணைத்து விற்பவர்கள் முதலில் காட்டுவது வளைவுகளைத்தான். சதுரங்கக் காய், கூம்பு, உருண்டை என்று திரையில் வரைந்ததை டூல் அப்படியே கடைந்து எடுக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் லேத்தின் தரம் அதில் தெரியாது. சதுரங்கக் காய்க்கு டூல் எந்த நொடியில் புறப்பட்டாலும் ஒன்றுதான். மரைக்கு அப்படியில்லை. ஒரே பள்ளத்தில் டூல் இருபது தடவைகூடப் போய் வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் சக் அதே கோணத்துக்கு வந்ததும் புறப்பட்டாக வேண்டும். கொஞ்சம் பிசகினால் முந்தைய வெட்டை அடுத்த வெட்டு அழித்துவிடும். அதனால்தான் ஒரு சிஎன்சி லேத்தை எடைபோட நான் மரை வெட்டிப் பார்க்கிறேன்.

இங்கே சொல்வது 7×14 வகை லேத்தைப் பற்றி. சக்கில் சுமார் 180 மி.மீ. விட்டம் வரை சுழலும். சென்டர்களுக்கு இடையே சுமார் 350 மி.மீ. நீளம் பிடிக்கும். இரண்டு அச்சுக்கும் ஸ்டெப்பர் மோட்டார், ஸ்பிண்டிலில் அதன் சுழற்சியைச் சொல்லும் என்கோடர், கணினியில் லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டில் 1990களில் தொடங்கிய மென்பொருள் இது. இன்று யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இந்த அமைப்பின் உயிர் என்கோடரில் இருக்கிறது. சில கட்டுப்பாட்டு மென்பொருள்கள் ஸ்பிண்டிலிடமிருந்து சுற்றுக்கு ஒரே ஒரு துடிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, வேகத்தைக் கணக்கிட்டு மரை வெட்டுகின்றன. பெரிய மோட்டார் உள்ள லேத்தில் அது ஒப்பேறும். சின்ன லேத்தில், டூல் இரும்பைத் தொட்டதும் மோட்டார் திணறும், சுற்று குறையும். அடுத்த துடிப்பு வரும்வரை கணினிக்கு அது தெரியாது. பழைய வேகத்திலேயே, டூலைத் தாங்கும் கேரேஜை நகர்த்திக்கொண்டிருக்கும். பிட்ச், அதாவது மரைகளுக்கு இடையேயான தூரம், கெடும். ஆழமான வெட்டில் ஒரு மாதிரியும் மெல்லிய வெட்டில் வேறு மாதிரியும் கெடும்.

லினக்ஸ்சிஎன்சி மூன்று சிக்னல்களை எதிர்பார்க்கிறது. ஏ, பி என்ற இரண்டும் சுற்றின் உள்ளே கோணத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்றாவதான இன்டெக்ஸ், சுற்றுக்கு ஒரு முறை தொடக்கப் புள்ளியைச் சொல்லும். கேரேஜ் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை, சக்கின் கோணத்தைப் பார்த்து ஓடுகிறது. மோட்டார் திணறினால் கேரேஜும் அதே அளவு மெதுவாகும். ஸ்பிண்டில் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஸ்பிண்டிலை ஓட்டும் கட்டளையையும், கேரேஜைச் சக்கோடு இணைத்து ஓட்டும் ஜி33 கட்டளையையும் கொடுத்து, சக்கைக் கையாலேயே முன்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். இன்டெக்ஸ் வந்த கணத்திலிருந்து, நீங்கள் சுற்றும் அளவுக்கு மட்டும் கேரேஜ் ஊர்ந்து வரும்.

எம்10×1.5 மரைக்கு வருவோம். எம்எஸ் ராடு, நிமிடத்துக்கு 400 சுற்று. சுற்றுக்கு 1.5 மி.மீ. என்றால் கேரேஜ் நிமிடத்துக்கு 600 மி.மீ. ஓட வேண்டும். சுற்றைக் கூட்டுவதற்கு முன் உங்கள் ஸ்டெப்பர் அந்த வேகத்தைத் தாங்குமா என்று கணக்குப் பாருங்கள். நின்றிருக்கும் கேரேஜ் வேகம் பிடித்துச் சக்கோடு சேரக் கொஞ்சம் ஓட்டம் தேவை; ஜாப்பின் முனைக்கு 5 மி.மீ. முன்னாலிருந்து புறப்பட வைத்தால் தொல்லையில்லை.

முழு மரையையும் ஜி76 என்ற ஒரே வரி வெட்டிவிடுகிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆர் என்ற எண். மரைப் பள்ளம் வி வடிவம். உள்ளே போகப் போக டூல் தொடும் அகலம் கூடும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஆழம் இறக்கினால் கடைசி வெட்டுகளில் சின்ன லேத் அதிரும். ஆர் 2 என்று கொடுத்தால், ஒவ்வொரு வெட்டும் எடுக்கும் இரும்பின் அளவு சமமாகும்படி ஆழத்தை அதுவே குறைத்துக்கொண்டு போகும். முதல் வெட்டு 0.2 மி.மீ. என்றால், நான்காவதில் மொத்த ஆழம் 0.4, ஒன்பதாவதில் 0.6, பதினாறாவதில் 0.8. இந்த மரைக்கு வேண்டிய 0.92 மி.மீ. ஆழம் 22ஆவது வெட்டில் வந்துவிடும். பொறுமை வேண்டும், ஆனால் சத்தம் கடைசிவரை ஒரே சீராக இருக்கும்.

கியூ என்ற எண்ணும் அப்படித்தான். டர்னர்கள் காம்பவுண்ட் ஸ்லைடை 29.5 டிகிரிக்குத் திருப்பி வைத்து, டூலின் ஒரு பக்கம் மட்டும் அதிகம் வெட்டும்படி செய்வார்கள். இங்கே கியூ 29.5 என்று எழுதினால் போதும். காம்பவுண்ட் ஸ்லைடையே கழற்றிவிட்டு டூல் போஸ்ட்டை கிராஸ் ஸ்லைடில் நேராக இறுக்கலாம். ஆட்டம் காணும் ஒரு இணைப்பு குறைவது சின்ன லேத்துக்குப் பெரிய பலம். ஹெச் 2 கொடுத்தால் ஆழம் இறக்காமல் மேலும் இரண்டு தடவை ஓடி, வளைந்து விலகிய ராடு விட்டுவைத்ததையும் வழித்தெடுக்கும். அங்குல லீட் ஸ்குரூவில் மில்லிமீட்டர் மரை வெட்ட 127 பல் கியரைத் தேடி மாட்டியவர்களுக்கு, பி 1.5 என்று தட்டுவதோடு வேலை முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

குறைகளும் உண்டு. நிறுவுவது எளிதல்ல. ஸ்பிண்டில், என்கோடர், மோட்டார் எல்லாவற்றையும் எழுத்துக் கோப்புகளில் நாமே கோத்துக் கொடுக்க வேண்டும். மென்பொருள் பழக்கம் இல்லாத நல்ல டர்னரை இது விரட்டிவிடும். இது மாற வேண்டும். விட்ட அளவில் எழுதும் ஜி7 முறையில் இருக்கும்போது மரை ஆழத்தையும் இரட்டித்துக் கொடுக்க வேண்டும், அதாவது 0.92 அல்ல, 1.84. மரை ஓடும்போது ஃபீடைக் குறைக்கும் குமிழ் வேலை செய்யாது, செய்யவும் கூடாது. வெட்டுகளுக்கு நடுவே ஸ்பிண்டில் வேகத்தையும் மாற்றாதீர்கள்; கூட்டினால், வெளியேறும் இடத்தில் டூல் திடீரென்று கனமாக வெட்டும்.

என்கோடரை மோட்டாரில் மாட்டிப் பயனில்லை. ஸ்பிண்டில் சுற்று ஒன்றுக்கு அதுவும் ஒரு சுற்று வரும்படி, வழுக்காத பல் பெல்ட்டால் இணைக்க வேண்டும். சுற்றுக்கு 1000 கோடுள்ள என்கோடர் 4000 எண்ணிக்கை தரும்; நிமிடத்துக்கு 1200 சுற்றில் அது நொடிக்கு 80,000. பழைய பேரலல் போர்ட் வழியாக அதை நம்பி எண்ண முடியாது. மேசா 7ஐ76இ போன்ற பலகை தேவைப்படும், அல்லது கோடு குறைந்த என்கோடர் போதும்.

மரை வெட்டத் தெரிந்த சிஎன்சி லேத் வேண்டுமென்றால், லினக்ஸ்சிஎன்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வளைவும் கூம்பும் வேண்டாம், மரை மட்டும் போதும் என்பவர்களுக்கு முழு சிஎன்சி அதிகம். ஸ்பிண்டிலின் சுற்றுக்கு ஏற்ப லீட் ஸ்குரூவை மோட்டாரால் ஓட்டும் எலக்ட்ரானிக் லீட் ஸ்குரூவே போதும். ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஓடும் மலிவுப் பலகையோடு வரும் லேத்தை மரைக்காக வாங்காதீர்கள். ஜிஆர்பிஎல்லின் மூல வடிவத்தில் ஜி76 கட்டளையே கிடையாது. எதை வாங்கப் போனாலும், பணம் கொடுக்கும் முன் என்கோடர் எங்கே இருக்கிறது, ஏ, பி, இன்டெக்ஸ் மூன்றும் வருகிறதா என்று கேளுங்கள். எம்10 மரை ஒன்றை உங்கள் கண்முன்னே வெட்டச் சொல்லி, நட்டோடு நிற்காமல், மரையின் அளவைச் சோதிக்கும் ரிங் கேஜையும் போட்டுப் பாருங்கள்.