இரண்டாம் மாண்டலின்

மாண்டலினுக்கு மூச்சு குறைவு. வில் ஓடும்வரை வயலினில் ஸ்வரம் நிற்கும். தம் இருக்கும்வரை நாகஸ்வரத்தில் நிற்கும். மாண்டலினில் தந்தியைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. மேல் தந்தி என்றால் கேட்டோமா இல்லையா என்று யோசிப்பதற்குள் போயே போய்விடும். வீணையின் நீண்ட தண்டியும் பெரிய குடமும் தருகிற கார்வை, குதிரையிலிருந்து உச்சிவரை பதினான்கு அங்குலம்கூட இல்லாத இந்தத் தந்திகளுக்கு எங்கிருந்து வரும்?

நமக்கு மாண்டலின் என்றால் உ. ஸ்ரீநிவாஸ்தான். இந்தக் குறையை அவர் தீர்த்த விதம் ஊரறிந்தது. இரண்டிரண்டாக இருக்கும் எட்டுத் தந்திகளைக் கழற்றிவிட்டு, ஒற்றைத் தந்தியாக ஐந்தை மாட்டி, வாத்தியத்துக்கு மின்சாரம் கொடுத்தார். ஒலி நின்றது. நின்ற ஒலியை விரலால் இழுத்துக் கமகம் செய்ய முடிந்தது. 1978இல் குடிவாடா தியாகராஜ ஆராதனையில் சிறுவனாக மேடையேறியதிலிருந்து 2014இல் நாற்பத்தைந்து வயதில் மறைந்தது வரை, ஒரு தனி மனிதர் ஒரு வாத்தியத்தின் சுபாவத்தையே மாற்றிக் காட்டினார்.

அதே குறைக்கு மேற்கே வேறொரு விடை கண்டுபிடித்திருந்தார்கள். மின்சாரம் கிடையாது, தந்திகளைக் குறைக்கவும் இல்லை. ஆளைக் கூட்டினார்கள். இருபது முப்பது பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாண்டலின் ஆர்கெஸ்ட்ரா அந்த விடை. அமெரிக்காவின் நடுமேற்கில் ஓர் ஊரில், வாரம் ஒரு மாலை தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் கூடுகிற அப்படி ஒரு குழுவில் நான் இரண்டாம் மாண்டலின். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பல் மருத்துவர், கல்லூரிப் பையன், பேருந்து ஓட்டுநர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. யாருக்கும் சம்பளம் கிடையாது. கூடத்தின் வாடகைக்கும் இசைத்தாள்களுக்கும் நாங்களேதான் சந்தா கட்டுகிறோம்.

குழுவின் அமைப்பு வயலின் குடும்பத்தைப் பார்த்துச் செய்தது. முதல் மாண்டலின், இரண்டாம் மாண்டலின், வயோலாவின் இடத்தில் மாண்டோலா, செல்லோவின் இடத்தில் மாண்டோசெல்லோ, கூடவே கிட்டார், அடியில் டபுள் பாஸ். மாண்டலினுக்கும் வயலினுக்கும் ஒரே சுருதி: ஜி, டி, ஏ, இ. வயலின்களுக்கு எழுதிய தாளை அப்படியே எடுத்து வைத்து வாசிக்கலாம் என்பது பெரிய வசதி. வித்தியாசம் மெட்டில் இருக்கிறது. வயலினில் விரல் வைக்க மெட்டு கிடையாது. மயிரிழை விலகினால் அபஸ்வரம். கற்றுக்குட்டிகள் பதினைந்து பேர் சேர்ந்து வயலின் வாசிப்பதைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாண்டலினில் வீணைபோல மெட்டு உண்டு, ஸ்வரத்தின் இடம் முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் பழகியவர்கூடக் கடைசி வரிசையில் உட்கார்ந்து யாருக்கும் தொந்தரவில்லாமல் வாசிக்கலாம். இது அமெச்சூர்களின் இசையாகவே வளர்ந்ததற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் மெட்டு காப்பாற்றுவது இடது கையை மட்டும். வலது கைக்குத் துணை யாரும் இல்லை.

வலது கைக்கு இரண்டு வேலைகள். ஒன்று, பிக் என்கிற சின்ன மீட்டு வில்லையால் ஒரே தட்டு. இன்னொன்று ட்ரெமோலோ: தந்தி இரட்டையின் மேல் பிக்கை மேலும் கீழுமாக நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டி, தேய்ந்துபோகிற ஒலியை நிற்கிற ஒலிபோலத் தோன்ற வைப்பது. இந்த ஆர்கெஸ்ட்ராவின் அழகு முழுக்க இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான ஒழுங்கைக் கேட்பதில் இருக்கிறது.

தட்டும்போது எல்லாரும் சேர்ந்து தட்ட வேண்டும். வில் வாத்தியங்களில் ஒருவர் கொஞ்சம் பிந்தினாலும் ஒலியின் விளிம்பு மழுப்பலாக இருப்பதால் மறைந்துவிடும். பிக் பட்ட ஒலிக்கு விளிம்பு கூர்மை. ஒருவர் இமைப்பொழுது முந்தினாலும் கூடத்தின் கடைசி வரிசைக்குத் தெரிந்துவிடும். ஒத்திகையில் பாதி நேரம் இதற்கே போகிறது. நடத்துநரின் குச்சியைப் பார்த்துத் தட்டினால் தாமதமாகிவிடும். முதல் வரிசைத் தலைவரின் மணிக்கட்டைப் பார்த்து, அவர் மூச்சு இழுப்பதோடு இழுத்து, அவரோடு இறங்க வேண்டும். இருபது பேரின் தட்டு சரியாக விழும்போது ஒரே பெரிய வாத்தியம் ஒலித்ததுபோல இருக்கும். அந்தத் துல்லியத்தை எந்த வயலின் வரிசையிலும் நான் கேட்டதில்லை.

ட்ரெமோலோவில் கதை தலைகீழ். அங்கே சேர்ந்துவிடக் கூடாது. ஒருவர் மட்டும் ட்ரெமோலோ செய்தால், அவர் கைதேர்ந்தவராக இல்லாவிட்டால், தையல் மெஷின் ஓடுவது போலிருக்கும். பத்துப் பேர் ஒரே வேகத்தில் செய்தால் பத்துத் தையல் மெஷின், இன்னும் மோசம். பத்துப் பேரும் அவரவர் கையின் இயல்பான வேகத்தில் ஓட்டும்போதுதான் அதிசயம் நடக்கிறது. ஒருவர் பிக் தந்தியைத் தொடாத இடைவெளியை இன்னொருவரின் தட்டு நிரப்புகிறது. தட்டுகள் தனித்தனியாகக் காதுக்கு எட்டாமல் கரைந்து, நீண்ட, உள்ளுக்குள் மினுங்குகிற ஒரு ஒலி மட்டும் மிஞ்சுகிறது. புதிதாக வருகிறவர்கள் பக்கத்து நாற்காலியின் கையைப் பார்த்து வேகத்தை ஒட்டவைக்கப் பார்ப்பார்கள். ஒழுங்கு என்றால் ஒன்றுபோல இருப்பது என்று பள்ளிக்கூடத்திலிருந்து பழகிவிட்டதே. அதை மறக்கவைக்கத்தான் நாளாகிறது.

ஆனாலும் ட்ரெமோலோ தொடங்கும் இடமும் முடியும் இடமும் எல்லாருக்கும் ஒன்று. நடுவில் எப்படி வேண்டுமானாலும் ஓடட்டும், கடைசியில் எல்லாருடைய பிக்கும் கீழ்நோக்கிய ஒரே தட்டில் போய் நிற்க வேண்டும். ஒரு குழுவின் தரத்தை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். ராகங்களையும் வேகத்தையும் விடுங்கள். நீண்ட ஸ்வரம் முடிகிற இடத்தில் காதை வையுங்கள். உதிரியாக ஓரிரண்டு தட்டுகள் வால்போல நீண்டால் அந்தக் குழு இன்னும் தேற வேண்டும்.

சுருதி சேர்ப்பது தனிக் கதை. இருபது மாண்டலின் என்றால் நூற்று அறுபது தந்தி. ஒவ்வொரு இரட்டையிலும் இரண்டு தந்தியும் ஒன்றுபோல நிற்காவிட்டால் ஒலி அலைபாயும். குளிர்காலத்தில் வெளியே பனியிலிருந்து வாத்தியத்தை உள்ளே கொண்டுவந்து சுருதி சேர்த்து முடித்தால், கூடத்தின் சூட்டில் தந்தி தளர்ந்து சுருதி இறங்கிவிடும், மறுபடி முதலிலிருந்து. மாண்டலின்காரன் ஆயுளில் பாதியைச் சுருதி சேர்ப்பதிலும் மீதியைச் சுருதி சேராமல் வாசிப்பதிலும் கழிக்கிறான் என்று ஒரு பழைய கேலி உண்டு. முழுக்கப் பொய்யில்லை. தலைப்பகுதியில் கவ்விக்கொள்ளும் சின்ன ட்யூனர் வந்த பிறகு நிலைமை பரவாயில்லை.

இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது என்பதில் வேடிக்கையான ஒரு குழப்பம் இருக்கிறது. 1878இல் பாரிஸ் கண்காட்சியின்போது ஸ்பானிய மாணவர் உடையில் வந்த ஒரு குழு அந்த நகரத்தையே கிறுகிறுக்க வைத்தது. 1880இல் அதே பாணிக் குழு நியூயார்க்கில் இறங்கியது. அவர்கள் கையில் இருந்தது மாண்டலின் அல்ல, ஸ்பெயினின் பந்தூரியா. கார்லோ குர்த்தி என்கிற இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறியிருந்த தம் நாட்டவரைத் திரட்டி, அதே மாதிரி உடை மாட்டி, கையில் மாண்டலினைக் கொடுத்துப் போட்டிக் குழு அமைத்தார். ஜனங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். போலியின் வாத்தியம் நிலைத்தது, அசலின் வாத்தியம் ஊருக்குத் திரும்பியது. இருபது ஆண்டுகளில் அமெரிக்கக் கல்லூரிகளிலும் சங்கங்களிலும் மாண்டலின் குழு இல்லாத இடம் அரிதாகிவிட்டது. மில்வாக்கியில் 1900இல் தொடங்கிய குழு இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறது. நியூயார்க்கில் 1924இல் யூதக் குடியேறிகள் தொடங்கியதும் அப்படியே.

வாத்தியம் செய்தவர்களும் சும்மா இருக்கவில்லை. நேப்பிள்ஸ் மாண்டலினின் முதுகு பாதிப் பூசணிபோல உருண்டிருக்கும். மடியில் நிற்காமல் வழுக்கும். அதை வாசிக்கிறவர்கள் இன்றும் மடியில் மென்தோலோ ரப்பர் விரிப்போ போட்டுக்கொள்கிறார்கள். மிச்சிகனில் கலமாஸூ ஊரைச் சேர்ந்த ஆர்வில் கிப்சன், வயலினைப்போல மரத்தைச் செதுக்கி மேற்பலகையும் முதுகும் செய்து 1898இல் காப்புரிமை வாங்கினார். 1902இல் அவர் பெயரில் தொடங்கிய நிறுவனம் வாத்தியத்தை விற்ற முறை சாமர்த்தியமானது. இசை ஆசிரியர்களையே ஊர் ஊராக முகவர்களாக்கியது. ஆசிரியர் மாணவர்களைச் சேர்த்துக் குழு அமைப்பார். குழு என்று வந்துவிட்டால் மாண்டோலா வேண்டும், மாண்டோசெல்லோ வேண்டும், ஆளுயர மாண்டோபாஸ்கூட வேண்டும். எல்லாம் தவணையில் கிடைக்கும். ஒரு ஊரின் ரசனையை ஒரு கம்பெனியின் விற்பனைக் கணக்கு வளர்த்தது என்பதில் எனக்குச் சங்கடம் எதுவும் இல்லை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் மாண்டோசெல்லோ என்ற வாத்தியத்தை இன்று நாம் அருங்காட்சியகத்தில்தான் பார்த்திருப்போம். அடித்தந்தியின் அந்தக் கனத்த, சற்றே கரகரத்த குரலைக் கேட்டவர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள்.

கிப்சனில் 1919 முதல் 1924 வரை இருந்த லாயிட் லோர், தாமே நன்றாக வாசிக்கத் தெரிந்தவர். மேற்பலகையில் வயலின்போல எஃப் வடிவத் துளைகள் வெட்டி, எஃப்-5 என்ற மாண்டலினை 1922இல் கொண்டுவந்தார். கச்சேரி மேடைக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் என்று நினைத்துச் செய்தது. அதற்குள் ஜாஸும் பாஞ்ஜோவும் வந்து மாண்டலின் மோகம் அடங்கிவிட்டது. அவர் 1923இல் கையெழுத்திட்ட ஒரு எஃப்-5, பில் மன்றோ என்ற கலைஞருக்கு 1940களில் ஃப்ளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் கிடைத்தது. புளூகிராஸ் என்கிற இசையே அந்த வாத்தியத்தின் வெட்டுகிற குரலில் பிறந்தது. லோர் கையெழுத்திட்டவை இன்று லட்சம் டாலரைத் தாண்டி விலைபோகின்றன. எங்கள் குழுவில் யாரிடமும் அது இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தாள்களில் பாதிக்குமேல் கடல் தாண்டி வந்தவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் மானென்தே, அமாதேயி போன்ற ராணுவ பேண்டு நடத்துநர்கள் மாண்டலின் குழுக்களுக்கென்றே எழுதினார்கள். இத்தாலி மெல்ல அவற்றை மறக்க, ஜப்பான் பிடித்துக்கொண்டது. அங்கே கேயோ, தோஷிஷா பல்கலைக்கழகங்களின் மாண்டலின் சங்கங்கள் 1910லிருந்தே இருக்கின்றன. ஜப்பானியத் திரைப்பாடல்களிலும் மெல்லிசையிலும் பெரிய பெயரான கோகா மசாவோ, மெய்ஜி பல்கலைக்கழக மாண்டலின் சங்கத்திலிருந்து கிளம்பியவர். நேப்பிள்ஸின் மாபெரும் கலைஞர் ரஃபாயெல்லே கலாச்சே 1924இல் அங்கே போய் வாசித்தார். இத்தாலியர் எழுதிய பழைய இசையைக் கேட்க இன்று ஜப்பானிய மாணவர் குழுக்களின் ஒலிப்பதிவைத் தேட வேண்டியிருக்கிறது. 2003இல் மறைந்த குவாஹாரா யாசுவோவின் படைப்புகள் அங்கிருந்து உலகெங்கும் பரவியவை. அவருடைய ஜப்பானிய இலையுதிர்காலப் பாடலை வாசிக்காத குழு குறைவு.

அந்தத் தாள்கள் வரும்போது மாண்டோலாக்காரர்கள்தான் தலையில் கைவைப்பார்கள். ஜப்பானிலும் ஜெர்மனியிலும் மாண்டோலா என்றால் மாண்டலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே, அதே ஜி-டி-ஏ-இ. அமெரிக்க மாண்டோலாவோ வயோலாவைப்போல சி-ஜி-டி-ஏ. விரல் எல்லாம் ஒரு தந்தி தள்ளிப் போகும். சிலர் தாளை மாற்றி எழுதிக்கொள்கிறார்கள், சிலர் மனத்துக்குள்ளேயே மாற்றி வாசித்துவிடுகிறார்கள். பின்னவர்களை நான் பொறாமையோடு பார்ப்பேன்.

இரண்டாம் மாண்டலின் என்றதும் இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் மாண்டலினுக்குப் பாட்டு இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். எங்கள் வரியைத் தனியாக வாசித்தால் அது எந்தப் பாட்டு என்றே தெரியாது. வால்ட்ஸில் முதல் அடி பாஸுக்கு, இரண்டும் மூன்றும் எங்களுக்கு. மெல்ல நகரும் இடங்களில் பாட்டுக்கு மூன்று ஸ்வரம் கீழே நின்று கூடவே நடப்போம். முதல் மாண்டலின் ட்ரெமோலோவில் நீள, நாங்கள் அதனடியில் தனித்தட்டாக ஸ்வரங்களை உடைத்து உடைத்துப் போட்டுக்கொண்டிருப்போம். நீள்வதும் உடைவதும் ஒரே நேரத்தில் காதில் விழுகிற அந்த இடம்தான் இந்த ஆர்கெஸ்ட்ராவின் உச்சம் என்பது என் கட்சி. நடுவில் உட்கார்ந்திருப்பதால் இடப்பக்கம் மினுங்கலும் வலப்பக்கம் மாண்டோசெல்லோவின் உறுமலும் கேட்கும். காசு கொடுத்து வருகிறவர்களுக்கு இந்த இருக்கை கிடைப்பதில்லை.

கேட்க வருபவர்களுக்கு ஒரு யோசனை: முன்வரிசையில் உட்காராதீர்கள். பிக் தந்தியில் படுகிற சொடுக்குச் சத்தம் முந்திக்கொண்டு கேட்கும். எட்டாம் பத்தாம் வரிசைக்குப் போனால் சொடுக்கு உதிர்ந்து ஒலி மட்டும் வந்து சேரும். மைக்கை வாத்தியத்தின் முகத்தருகே வைத்துச் செய்த ஒலிப்பதிவுகளும் இதே தப்பைத்தான் செய்கின்றன.

கச்சேரி முடிந்ததும் யாராவது ஒருவர் காட்ஃபாதர் படத்தின் இசையைக் கேட்பார். தவறியதே இல்லை. விவால்டியையும் அமாதேயியையும் மாதக்கணக்கில் உழைத்து வாசித்தவர்களுக்குச் சற்று எரிச்சலாக இருக்கும்தான். இருந்தாலும் நீனோ ரோட்டாவின் அந்த மெட்டு ட்ரெமோலோவுக்கென்றே அளந்து தைத்தது, மறுக்க முடியாது. வாசிப்போம், முதல் மாண்டலின்கள் உருகித் தள்ளுவார்கள். எங்கள் தாளில் இரண்டாம் மாண்டலினுக்கு வேலை மிகக் குறைவு. அந்த இசையின் மேல் எனக்கு இருக்கும் புகார் அது ஒன்றுதான்.