கரைவெட்டிக்கு வரும் குளிராடை

அரியலூர் மாவட்டத்தில் திருமானூரை அடுத்த கரைவெட்டி ஏரிக்குப் பனிக்காலத்தில் வரித்தலை வாத்துகள் வருகின்றன. சாம்பல் உடல், வெள்ளைத் தலை, பின்மண்டையில் இரண்டு கருங்கோடுகள். திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருபவை இவை. 'பாவம், குளிர் தாங்காமல் வருகின்றன' என்று நாம் சொல்லிவிடுகிறோம். இந்த விளக்கம் பாதிதான் சரி. குளிரைத் தாங்கும் ஆடை அவற்றிடம் இருக்கிறது. அந்த ஆடையால் எது முடியும், எது முடியாது என்று பார்த்தால்தான் கரைவெட்டியின் அருமை தெரியும்.

ரோமமானாலும் இறகானாலும் வேலை ஒன்றே: தோலை ஒட்டி அசையாத காற்றைப் பிடித்து வைப்பது. துருவ நரிக்குக் குளிர்காலத்தில் அடிரோமம் அடர்ந்துவிடும். உள்ளங்காலில்கூட முடி இருக்கும். இந்த மாற்றத்தைத் தொடங்கி வைப்பது குளிர் என்று நினைப்போம். உண்மையில் அது பகலின் நீளம். இரவு நீள நீள மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது கூடுகிறது, புரோலாக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, புது ரோமம் முளைக்கத் தொடங்குகிறது. முடி வளர வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இது அருமையான ஏற்பாடு. குளிர் வந்த பிறகு நெய்யத் தொடங்கினால் விலங்கு பிழைக்காது. இடையில் நாலு நாள் வெயில் அடித்தாலும் அது ஏமாறாது.

ஆனால் இந்த நாள்காட்டிக்கு வானிலை தெரியாது. வட அமெரிக்காவின் பனிமுயல் குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும். பனி தாமதமாக விழுந்தாலோ சீக்கிரம் உருகினாலோ, பழுப்புத் தரையில் வெள்ளை முயல் பளிச்சென்று தெரியும். மொன்டானாவில் இதை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். நிறம் பொருந்தாத முயல்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு வாரத்துக்கு 7 சதவீதம் வரை குறைகிறது. முயலைக் காத்த அதே ஒழுங்குதான் இப்போது அதைக் காட்டிக்கொடுக்கிறது.

நம் ஊர்ப்பக்கம் இந்தச் சிக்கலே இல்லை. பெரம்பலூர் காப்புக்காடுகளில் திரியும் புள்ளிமானுக்கு மார்கழிப் பனியிலும் சித்திரை வெயிலிலும் ஏறக்குறைய அதே குட்டை ரோமம், அதே வெள்ளைப் புள்ளிகள்தாம். இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இடையே ஒன்றேகால் மணி நேரமே வித்தியாசம்.

வாத்துக்கு வருவோம். அதற்கு நரியைப் போல இரண்டு ஆடை கிடையாது. இருப்பதை ஆண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்கிறது. குஞ்சு பொரித்த கையோடு, கோடையில் சிறகின் பறக்கும் இறகுகளை எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும். ஏறத்தாழ ஒரு மாதம் பறக்கவே முடியாது; ஏரி நீரே காவல். ஆபத்தான ஏற்பாடுதான். ஆனால் பிறகு, தேயாத புது இறகோடு மலையேறலாம். 7,000 மீட்டருக்கு மேல் பறந்த பதிவு உண்டு.

கரைவெட்டியின் கரையில் நின்று பார்த்தால் இந்த ஆடையைப் பேணும் பாடு தெரியும். வாத்து கழுத்தைத் திருப்பி வாலின் அடியிலுள்ள எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்க்கிறது. பிறகு ஒவ்வோர் இறகாக அலகில் பிடித்து உருவுகிறது. பிரிந்துபோன இழைகள் மறுபடி கோத்துக்கொள்ள, தண்ணீர் உள்ளே இறங்காது. உள்ளிருக்கும் மென்தூவி நனைந்தால் காற்று போய்விடும். காற்று போனால் சூடும் போய்விடும். தை மாதத்து நடுப்பகலில் வெயில் 30 டிகிரியைத் தொடும்போது இதே தூவி பாரமாகிறது. வாயைத் திறந்து மூச்சிரைக்கிறது. இறகில்லாத கால்களைத் தண்ணீரில் வைத்து உடற்சூட்டை இறக்குகிறது.

பிறகு ஏன் இங்கே வர வேண்டும்? திபெத்திலேயே, லாசாவைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் ஆயிரக்கணக்கான வரித்தலை வாத்துகள் குளிர்காலம் முழுவதும் தங்கிவிடுகின்றன. அறுவடையான பார்லி வயலில் சிந்திய தானியம் கிடைப்பதால் அங்கே அவற்றால் இருக்க முடிகிறது. விடை இதில் இருக்கிறது. ஆடை சூட்டைக் காக்குமே தவிர, உண்டாக்காது. சூடு இரையிலிருந்து வர வேண்டும். ஏரி உறைந்து புல் மறைந்தால் எத்தனை அடர்ந்த தூவியும் பட்டினிக்கு மருந்தாகாது. ரோமத்தையும் இறகையும் வியந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் இது.

வலசை அந்தக் குறையை நிரப்புகிறது. ஆனால் அது உயிரைச் சில ஏரிகளோடு கட்டிப்போடவும் செய்கிறது. 2005-இல் சீனாவின் சிங்காய் ஏரியில் பறவைக் காய்ச்சல் பரவியபோது ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் மடிந்தன. அவற்றில் வரித்தலை வாத்துகளே மிகுதி. ஒரே இடத்தில் கூடுவதன் விலை அது.

சுமார் 454 ஹெக்டேர் பரப்புள்ள கரைவெட்டி 2024 ஜனவரியில் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் தண்ணீர் தராது. மேட்டூரிலிருந்து புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வரும் நீரும் வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தால் ஏரி வறண்டுவிடும். ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்குத் தூர்வாரினால் இந்த வாத்து மேயும் ஆழமற்ற ஓரங்களும் புல்வெளியும் போய்விடும். பாசனத்துக்கு ஆழம் வேண்டும், பறவைக்கு ஓரம் வேண்டும். இரண்டுக்கும் இடம் ஒதுக்கித் திட்டம் போட முடியும். வயலில் இறங்கிப் பயிரை மேயும் வாத்தை விரட்டுகிற விவசாயியின் இழப்பும் அந்தத் திட்டக் கணக்கில் ஏற வேண்டும். திபெத்து உறைந்து கிடக்கும் மாதங்களில் அந்தப் பறவைக்குச் சோறு போடுபவர்களில் அவரும் ஒருவர்.