பெட்டிக்குள் பெயரில்லாதவர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் நாங்கள் கூடிய கூட்டங்களில் ரோலான் பார்த்தின் 'ஆசிரியனின் மரணம்' வராத நாளில்லை. பிரதிதான் பேச வேண்டும், எழுதியவன் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று நானும் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். பேசி முடித்து, பஸ்ஸுக்கு நேரமிருந்தால், பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு சந்தில் இருந்த வீடியோ கேம் கடைக்குள் நுழைந்துவிடுவேன். தோழர்களிடம் சொன்னதில்லை. சொன்னா சிரிப்பாங்க.

ஐந்து பெட்டிகள். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து டுட்டோரியலுக்கு வந்த பையன்கள் கூட்டமாக நிற்பார்கள். 'ஃபைனல் ஃபைட்', 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2', பையன்கள் 'முஸ்தபா' என்றழைத்த 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. மூன்றுமே ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1988இல் கொண்டுவந்த சிபிஎஸ் என்ற தளத்துக்காகச் செய்யப்பட்டவை. அடிப்பலகை ஒன்றே, மேலே பொருத்தும் பலகையை மாற்றினால் ஆட்டம் மாறும். நம் ஊருக்கு வந்ததில் எது அசல், எது கள்ளப் பிரதி என்று யார் கண்டது?

நிறைய 'ஸ்கோர்' எடுத்தவன் திரையில் மூன்றெழுத்தில் தன் பெயரைப் பதிக்கலாம். கரண்ட் போனால் பெயரும் போகும், அது வேறு விஷயம். காசு போட்டவனுக்குக் கிடைத்த இந்த மூன்றெழுத்துகூட அந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு மிகப் பின்னால்தான் உறைத்தது.

1991இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'வை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள் அகிரா நிஷிதானி, அகிரா யாசுதா. இசையின் பெரும்பகுதி யோகோ ஷிமோமுரா என்ற இளம்பெண்ணுடையது. உடன் இசாவோ அபே. ஆனால் ஆட்டத்தின் பெயர்ப் பட்டியலில் இருப்பது 'நின்', 'அகிமன்', 'ஷிமோ-பி' போன்ற புனைபெயர்கள். போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுமே என்ற பயம் அந்தத் தொழிலில் அப்போது பரவலாக இருந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். அட்டாரி பெயர் போடாததால் வாரன் ராபினெட் தன் 'அட்வென்ச்சர்' ஆட்டத்துக்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டி அதில் தன் பெயரை எழுதிவைத்தார். ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அவர் வேலையை விட்டே போயிருந்தார்.

இதை ஆசிரியனின் மரணம் என்று சொல்ல முடியுமா? பெயர் தொலைந்த சங்கக் கவிஞனுக்கு அவன் தொடரையே பெயராக்கி, செம்புலப்பெயனீரார் என்று அழைத்தது நம் மரபு. அங்கே பெயரைத் தின்றது காலம். தொகுத்தவர்கள் முடிந்ததை மீட்டார்கள். இங்கே பெயரை மறைத்தது முதலாளி. இரண்டையும் ஒரே கோட்பாட்டுக்குள் அடைப்பது, மன்னிக்கவும், சோம்பேறித்தனம்.

ஷிமோமுராவின் இசையை நான் அந்தக் கடையில் கேட்டேன் என்று சொல்ல முடியாது. ஐந்து பெட்டியும் சேர்ந்து கத்தும், வெளியே பஸ் ஹாரன் வேறு. பல வருடம் கழித்து ஹெட்போனில் கேட்டபோதுதான் ஆடிப்போனேன். அவர் கையிலிருந்தது எட்டுக் குரல்களை எழுப்பக்கூடிய ஒரு யமஹா சில்லு. பதிவுசெய்த ஒலித்துண்டுகளுக்கு நான்கு தடங்கள் கொண்ட இன்னொன்று. அதற்குள் ஒவ்வொரு நாட்டுக் களத்துக்கும் ஒரு மெட்டு. உயிர்க்கோடு குறையும்போது இசை வேகமெடுக்கும். கடையில் அந்த நேரத்தில் என் விரல்கள் பதறியது நன்றாக நினைவிருக்கிறது. தோற்றுவிடுவோம் என்ற என் சொந்தப் பயம் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒசாகாவில் ஒரு பெண் மாதச் சம்பளத்துக்கு எழுதிவைத்த இசை. 'வாசகனே பிரதியை உருவாக்குகிறான்' என்ற எங்கள் வாக்கியத்தை இங்கே கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியாவுக்கென்று அவர்கள் தந்த ஆள் தல்சிம். கழுத்தில் மண்டையோடுகள், ஒட்டிய வயிறு, நீளும் கைகால், வாயில் நெருப்பு, அதற்குப் பெயர் 'யோகா ஃபயர்'. பின்னணியில் வரிசையாக யானைகள். மேற்கு தயாரித்த கீழைத்தேயப் படிமத்தைக் கிழக்கே வாங்கி நமக்கே திருப்பி விற்றது. பையன்கள் அவனைச் 'சாமியார்' என்பார்கள், எடுத்தவனைக் கேலிசெய்வார்கள். உன் ஊரு ஆளாச்சேடா என்றால், "இவனா எங்க ஊரு?" இந்தக் கேள்வியை யாரிடம் கொண்டுபோவது? எழுத்து தண்டனைக்கு உரியதாகும்போதுதான் எழுதியவன் பெயர் அதனுடன் ஒட்டிக்கொள்கிறது என்று ஃபூக்கோ 1969இல் சொன்னார். நாங்கள் அதை அதிகாரத்தின் கண்காணிப்பாக மட்டுமே படித்தோம். புகழோடு சேர்த்துக் கேள்வியும் வந்துசேரும் விலாசம் பெயர் என்று படிக்கவில்லை. பெயரை மறைத்தபோது ஷிமோமுராவுக்குச் சேர வேண்டிய பாராட்டும், தல்சிமுக்காக வடிவமைத்தவர்களிடம் கேட்க வேண்டிய கணக்கும் ஒன்றாகவே காணாமல் போயின.

கடைக்கு வரும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் உண்டு. பற்றவைத்து முடித்ததும் போர்டின் ஓரத்தில் பேனாவால் தேதியும் தன் முதலெழுத்தும் கிறுக்கிவைப்பார். எதுக்குண்ணே என்று ஒருநாள் கேட்டேன்.

"திரும்பக் கெட்டுச்சுன்னா, யாரு கை பட்டுச்சுன்னு தெரிய வேணாமா?" என்றார், தலை நிமிராமல்.