‘கிட்கே’: ஒரு விமர்சன நோக்கு

ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்துவைக்கும் மரபு தமிழுக்குப் புதியதன்று. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் அம்மரபின் தலையாய உதாரணமாவார். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய ‘கிட்’ என்னும் மென்பொருளும், ஒரு பிரதியில் நிகழும் திருத்தங்கள் யாவற்றையும் பேணுவதால், அப்பணியோடு உறவுடையதே. அத்திருத்த வரலாற்றைத் திரையில் வரைந்து காட்டுவது பால் மெக்கராஸ் எழுதிய ‘கிட்கே’.

பொல்பிட்டிய மின்நிலையத்தை அறிந்தோர்க்கு அவ்வரைபடம் எளிதில் விளங்கும். கெசல்கமு ஓயாவின் நீரும் மஸ்கெலியா ஓயாவின் நீரும் லக்சபானவிற் கலந்தே அந்நிலையத்தை அடைகின்றன. கிட்கேயும் கிளைகள் கூடுவதைக் கோடுகளாற் காட்டுகின்றது. ஆயின் கலந்த நீரைப் பிரித்தறிதல் இயலாது. கிட்கேயிலோ ஒவ்வொரு கிளையையும் அதன் ஊற்றுவரை பின்தொடரலாம். இதுவே அதன் பெருஞ்சிறப்பு.

குறை பிறிதோரிடத்தில் உள்ளது. தோட்டத்துப் பெண்ணொருத்தியின் தாலாட்டை மாணவர் ஒருவர் இதிற் பதிவதாகக் கொண்டால், ஆக்கியோர், பதித்தோர் என இரு பெயர்களுக்கும் ‘கிட்’ இடந்தருகின்றது. எனினும் தனியே குறிப்பிடாவிடின் இரண்டிலும் பதித்தவர் பெயரே அமையும். கிட்கேயின் மேற்பட்டியலில் தோன்றுவதும் அதுவே. கொழுந்து பறித்தவளின் பெயர் தேயிலைப் பெட்டியில் இல்லாதவாறு, பாடியவளின் பெயரும் வரலாற்றில் இல்லாது போகின்றது.

கருவி தனக்குச் சொல்லப்பட்டதையே காட்டும். பாடியவளின் பெயரைச் சொல்லுதல் பதிப்பாசிரியரின் கடன்.