எல்சாவின் விளையாட்டும் எடுத்துரைப்பாளரின் நோக்கும்

ஜோய் அடம்சன் எழுதி 1960 ஆம் ஆண்டு வெளிவந்த 'போர்ன் ஃபிறீ', மனிதரோடு வளர்ந்து காடு திரும்பிய பெண்சிங்கம் ஒன்றின் வரலாறாகவே பெரிதும் படிக்கப்பட்டு வந்துள்ளது. நாம் அதனை விளையாட்டைப் பற்றிய நூலாக நோக்க விரும்புகின்றோம். 1956 இல் கென்யாவின் வடபகுதியில் வனவிலங்கு அதிகாரியாகவிருந்த கணவர் ஜோர்ஜ், தம்மீது பாய்ந்த பெண்சிங்கத்தைச் சுட்டுக் கொன்றார். மூன்று குட்டிகளைக் கண்ட பின்னரே அதன் சினத்துக்குக் காரணம் விளங்கிற்று. இரு குட்டிகள் றொட்டர்டாம் மிருகக்காட்சிசாலைக்கு அனுப்பப்பட, எல்சா எஞ்சியது. நூலின் இன்பமான பக்கங்கள் யாவும் இக்கொலையின் பின்னரே தொடங்குகின்றன.

எல்சா பதுங்குவதையும், பாய்ந்து மனிதரைச் சாய்ப்பதையும் ஆசிரியை நுணுக்கமாகக் காட்டுகின்றார். அவரது ஆற்றல் அவதானிப்பில் உள்ளது. விளக்கத்திலோ தளர்ச்சி தெரிகின்றது. விளையாட்டை அன்பின் மொழியாகவே அவர் கொள்கின்றார். நமது அடுக்களைப் பூனை ஈர்க்கு நுனியைத் துரத்தும்போதும் இதே பதுங்கலும் பாய்ச்சலுமே நிகழ்கின்றன. சாரா ஹோல், ஜோன் பிறட்ஷோ ஆகியோர் 1998 இல் வெளியிட்ட ஆய்வு, பசித்த பூனை பொருள்களோடு கூடுதலாக விளையாடும் எனக் காட்டிற்று. விளையாட்டு வேட்டைக்கு எதிரானதன்று. அதனோடு ஒட்டிப் பிறந்தது. இதனால் உறவே பொய் என நாம் கூறவில்லை. தலையை உரசி வரவேற்பது சிங்கக் கூட்டத்தினுள்ளும் வழங்கும் உண்மையான உறவுக்குறி. நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும் இணக்கத்தை நிலையான உறுதிமொழியாக வாசிப்பதே தவறு.

அத்தவற்றின் விலையை யார் செலுத்தினர்? குட்டிகளைப் பராமரிக்கும் பொறுப்பு வீட்டுத் தோட்டப் பணியாளரான ஆபிரிக்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆசிரியைக்கு அது விருப்பம்; அவருக்கோ வேலை. விளையாட்டிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை இருவருக்கும் ஒன்றன்று. 1952 முதல் 1960 வரை அவசரகாலச் சட்டத்தின் கீழிருந்த நாட்டில் எழுதப்பட்ட நூல், தலைப்பிலேயே விடுதலையைத் தாங்கி நிற்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கென்யா விடுதலை பெற்றது 1963 இல்.

1966 இல் வெளியான திரைப்படத்தில் நடித்த ஆண்சிங்கமொன்று, பின்னர் கோறாவில் ஜோர்ஜ் அமைத்த முகாமைச் சேர்ந்தது. இலண்டன் ஹரொட்ஸ் அங்காடியில் 1969 இல் இரு இளைஞர் வாங்கி வளர்த்த கிறிஸ்டியன் என்ற சிங்கமும் அங்கேயே கொண்டுவரப்பட்டது. 1971 இல் அவ்விளைஞர் மீண்டு வந்தபோது, கிறிஸ்டியன் ஓடிவந்து அவர்கள் தோள்மீது கால்களை ஊன்றித் தழுவிய காட்சி படமாக்கப்பட்டது. அதே 1971 இல், அதே முகாமில், திரைப்படத்தில் நடித்த அச்சிங்கம் ஜோர்ஜின் ஆபிரிக்க உதவியாளரைக் கொன்றது. ஜோர்ஜ் அதனைச் சுட்டார். தழுவற் காட்சியைப் பிற்காலத்தில் இணையத்தின் வழியாக உலகமே கண்டு கண்ணீர் உகுத்தது. மற்றதை அறிய விரும்புவோர், ஜோர்ஜ் 1986 இல் வெளியிட்ட தன்வரலாற்றைத் தேடிச் செல்லவேண்டியுள்ளது.