அந்தக் காலம் அப்படியா?

இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கக் கார்ட்டூன்கள் டிவிடியாகவோ புளூ-ரேயாகவோ வரும்போதெல்லாம் கூடவே ஒரு சமாதானமும் வந்துவிடுகிறது: "அந்தக் காலம் அப்படி." அறிமுக உரை பேசுபவர் அதைச் சொல்கிறார், சேகரிப்பாளர் சொல்கிறார், படத்துக்கு முன் திரையில் தோன்றும் எச்சரிக்கையும் சொல்கிறது. வார்னர் நிறுவனத்தின் சில டிவிடிகளில் அந்த எச்சரிக்கை, இத்தகைய சித்திரிப்பு அன்றும் தவறு, இன்றும் தவறு என்று ஒப்புக்கொள்கிறது. பாராட்டலாம். ஆனால் அதுவும் இவற்றைக் காலத்தின் விளைச்சல் என்றுதான் அறிமுகப்படுத்துகிறது. விதைத்தவர் யார் என்பதைச் சொல்வதில்லை.

இந்தப் படங்கள் வெளிவந்தது நல்லதுதான். டொனால்ட் டக் நாஜி நாட்டில் கண்விழிக்கும் 'டெர் ஃப்யூரர்ஸ் ஃபேஸ்' 1942ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் பெற்ற படம். அது பல பத்தாண்டுகள் பெட்டகத்தில் கிடந்து, 2004இல் வந்த டிஸ்னியின் 'ஆன் தி ஃபிரன்ட் லைன்ஸ்' தொகுப்பில்தான் முறையாக வீட்டுக்கு வந்தது. கட்டையாய் இறுகிய ரொட்டியை ரம்பத்தால் அறுப்பதும், பதுக்கிவைத்த ஒற்றைக் காப்பிக்கொட்டையை வெந்நீரில் முக்கி எடுப்பதும் இன்றும் சிரிக்க வைக்கின்றன. வரைந்தவர்களின் கைத்திறனில் யாரும் குறை சொல்ல முடியாது. லெனார்ட் மால்டின் போன்ற வரலாறு தெரிந்த ஒருவர் முன்னுரை சொல்வதும் வரவேற்கத்தக்கதே.

என் சண்டை அந்தச் சமாதானத்தோடு. அது பொய் என்பதற்கு வெளியே சாட்சி தேட வேண்டாம். அதே டிஸ்னி தொகுப்பிலேயே சாட்சி இருக்கிறது.

1943இல் வந்த 'எஜுகேஷன் ஃபார் டெத்' ஹான்ஸ் என்ற ஜெர்மன் சிறுவனின் கதை. வகுப்பில் நரி முயலைத் தின்கிறது. ஹான்ஸ் முயலுக்காக வருந்துகிறான், அதற்காகத் தண்டிக்கப்படுகிறான். அந்த இரக்கம் அவனிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்படுகிறது. கடைசியில் அணிவகுத்துக் கல்லறைக்குப் போகிறான். எதிரி நாட்டுப் பிள்ளைக்கு ஒரு பெயர், ஒரு தாய், ஒரு வகுப்பறை, நம்முடைய கண்ணீர். மறு ஆண்டு அதே நிறுவனத்திலிருந்து வந்த 'கமாண்டோ டக்'கில் டொனால்ட் ஜப்பானியரோடு மோதுகிறது. மரமாகவும் பாறையாகவும் ஒளிந்திருக்கும் அவர்களுக்குப் பெயரில்லை. துருத்திய பல்லும் உடைந்த ஆங்கிலமும் மட்டுமே உண்டு. அவர்களுடைய விமானத்தளம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படுவதோடு படம் முடிகிறது. ஜெர்மானியன் கெடுக்கப்பட்டவன், ஜப்பானியனோ பிறவியிலேயே அப்படி. இரண்டும் ஒரே காலம், ஒரே போர், ஒரே நிறுவனம். காலம்தான் வரைந்தது என்றால், அது ஏன் ஒருவனுக்கு மட்டும் முகம் கொடுத்தது?

இது வெறும் பல்லும் மூக்குக்கண்ணாடியும் பற்றிய மனத்தாங்கல் அல்ல. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் விட்டு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தது சூப்பர்மேன் வரிசையின் 'ஜாப்போட்டர்ஸ்'. ஜப்பானியரை இழிக்கும் சொல்லையும் நாசகாரர் என்ற சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர் அது. அதில் வில்லன் டோக்கியோவில் இல்லை. அமெரிக்காவில் அலுவலகம் வைத்திருக்கிறான். சுவரில் சுதந்திர தேவி சிலையின் படம். அது நகர்ந்தால் பின்னே ஜப்பானின் உதயசூரியன். அதை வணங்குகிறான். பக்கத்து மேசைக்காரன் எந்த நேரமும் துரோகி ஆகலாம் என்பதே படம் சொல்லும் செய்தி. அப்போது அந்தப் பக்கத்து மேசைக்காரர்கள் முகாமில் இருந்தார்கள். மேற்குக் கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஒருவர்கூட உளவோ நாசவேலையோ செய்ததற்கு ஆவணச் சான்று இல்லை என்று அமெரிக்க அரசின் விசாரணைக் குழுவே பிற்பாடு சொன்னது. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைக்காமல் 'அந்தக் காலம்' என்று பேசுவது விளக்கம் ஆகாது. அது கைகழுவும் தண்ணீர்.

அந்தக் காலம் ஒரே குரலில் பேசவும் இல்லை. 1944இல், ஜப்பானிய வம்சாவளியினரை வெளியேற்றும் ஆணையை எதிர்த்த கொரமாட்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அரசின் பக்கம் நின்றபோது, நீதிபதி ஃபிராங்க் மர்ஃபி இது இனவெறி என்றே தம் மாற்றுத் தீர்ப்பில் எழுதினார். அவரும் அந்தக் காலத்தவர்தான்.

சமாதானம் செல்லாத இடத்தில் மௌனம் வருகிறது. ஃபிரிஸ் ஃபிரெலெங் இயக்கிய 1944ஆம் ஆண்டுப் பக்ஸ் பன்னி படம் ஒன்றில், ஐஸ்கிரீமுக்குள் கையெறிகுண்டு வைத்து ஜப்பானியச் சிப்பாய்களுக்கு முயல் விநியோகிக்கிறது, வசைச்சொல்லோடு. 1990களில் அது வீடியோவாக வந்து, ஜப்பானிய அமெரிக்கர்களின் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. 2008இல் வந்த 'லூனி டியூன்ஸ் கோல்டன் கலெக்‌ஷன்' ஆறாம் தொகுதியில் போர்ப் படங்களுக்கென்றே ஒரு டிவிடி உண்டு. டாஃபி வாத்து ஹிட்லரின் மண்டையில் அடிக்கிறது. நாஜித் தலைவன் கோயரிங் பக்ஸ் பன்னியிடம் ஏமாறுகிறான். அந்தப் பழைய ஐஸ்கிரீம் படம் அதில் இல்லை. விளைவு? அமெரிக்கா சர்வாதிகாரிகளைப் பார்த்துத்தான் சிரித்தது, ஒரு மக்களினத்தைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை என்று நம்பிக்கொண்டு பார்வையாளர் உறங்கப் போகலாம். ஒளிப்பதும் மன்னிப்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

முழுதாக வெளியிடுங்கள். முன்னுரையில் படம் யார் பணத்தில் வந்தது, யார் எழுதினார், அந்த வாரம் முகாம்களில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். வாசகர்களும் 'எஜுகேஷன் ஃபார் டெத்'தைப் பார்த்த கையோடு 'ஜாப்போட்டர்ஸ்' பாருங்கள். இரண்டும் சேர்த்து இருபது நிமிடம்தான்.

1988இல் அந்த முகாம்களுக்காக அமெரிக்க அரசு சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. அவற்றில் அடைக்கப்பட்டவர்களில் உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது. அந்தச் சட்டம் பழியைக் காலத்தின் மேல் போடவில்லை. இனத் துவேஷம், போர்வெறி, அரசியல் தலைமையின் தோல்வி என்று மூன்று காரணங்களைப் பெயர் சொல்லிக் குறித்தது. டிஸ்னியின் தொகுப்பு வந்தது அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து.