நின்று போகும் வண்டி

திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே பறக்கும் பைபாஸ் ரைடர் வண்டிகளுக்கு வையம்பட்டி வெறும் பெயர்ப்பலகை. சாதாரணக் கட்டண வண்டிக்குத்தான் அது ஊர். திருச்சியிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர், மணப்பாறையைத் தாண்டியதும் வருகிறது. ஒன்றியத் தலைமையிடம், ரயில் நிலையமும் உண்டு. கோபுரம் பார்க்கவோ அருவி பார்க்கவோ இங்கே யாரும் வண்டி ஏறுவதில்லை. ஆனால் இந்த ஊரை நடுவில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் வீரப்பூர், பொன்னணியாறு, இன்னொரு பக்கம் கொடும்பாளூர் என்று டவுன் பஸ்ஸிலும் ரூட் பஸ்ஸிலும் சுற்றுவதைப் போல எனக்கு நிறைவு தந்த பயணம் வேறில்லை. வண்டி எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் அதன் சுவை இருக்கிறது.

முதலில் உயரத்தைச் சொல்ல வேண்டும். காரில் போகிறவன் கண்ணுக்கு வேலி மட்டுமே தெரியும். பஸ்ஸின் ஜன்னலோர இருக்கை வேலிக்கு மேலே இருக்கிறது. கம்பியில் முழங்கையை வைத்துக்கொண்டு பார்த்தால் முற்றத்தில் காயும் சோளம், தொழுவத்து வைக்கோல், மொட்டைமாடி மிளகாய், பின்னால் கல் கட்டிய கிணறு எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். இது வானம் பார்த்த பூமி. கிணறுதான் இங்கே சொத்து. மோட்டார் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும், கமலை இறைத்த கல்தூண்கள் சில கிணற்று மேட்டில் நின்றுகொண்டிருக்கின்றன. கயிறு ஓடிய உருளை போய்விட்டது. தூண்களுக்கு நடுவே மாடு பின்னோக்கி ஏறிய சரிவு மட்டும் புல் மூடிக் கிடக்கிறது. பைபாஸ் வேகத்தில் அந்தச் சரிவு கண்ணில் படாது. யாரோ ஒரு பாட்டியை இறக்கிவிட வண்டி நிற்கும் அரை நிமிடத்தில் படும்.

அந்த அரை நிமிடத்தை ஆள்பவர் நடத்துநர். அவர் விசிலுக்கு இலக்கணம் உண்டு. ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ. இரண்டு விசிலுக்கும் நடுவில் அவர் காட்டும் பொறுமையில்தான் எனக்கு வியப்பு. கூடையைத் தூக்கித் தருகிறார். "ஆத்தா, பாத்து எறங்கு" என்கிறார். எதிர்ப்பக்கம் ஓடிவரும் பள்ளிப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, வாய்க்குக் கொண்டுபோன விசிலைக் கீழே இறக்குகிறார். ஓட்டுநர் தலைக்கு மேலே எழுதியிருக்கும் குறளைப் படிக்காதவர்கூட இந்தப் பண்பைப் படித்துக்கொண்டு இறங்கலாம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து திருச்சி சென்ட்ரல் பஸ் நிலையத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்தப் பக்கம் வந்தால் ஒரு வேறுபாடு உறைக்கும். அங்கே திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டி ஏறியவுடனே ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம் தென்படும். 1987-இல் கட்டி முடித்து எழுந்து நிற்கும் அந்த உயரத்துக்கு யாரும் வழி காட்ட வேண்டாம். இறங்கும் இடம் தானே தன்னை அறிவித்துக்கொள்ளும் நாடு அது. மணப்பாறைச் சீமையில் எதுவும் அப்படி அறிவித்துக்கொள்ளாது. கரடும் பனையும் வேம்பும் சீமைக்கருவேலும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். நடத்துநர் ஊர்ப்பெயரைச் சொல்லும்போதுதான் அந்தக் கரடுக்கு ஒரு கதை இருப்பது தெரியும்.

மணப்பாறைப் பேருந்து நிலையத்தில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். முறுக்குத் தட்டு ஏறும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முறுக்கு இது. அரிசிமாவு, ஓமம், சீரகம், எள், உப்பு, அவ்வளவுதான் சேர்மானம். இரண்டு முறை எண்ணெயில் போடுவதுதான் இதன் நுட்பம். முதல் வேக்காட்டில் எடுத்து ஆறவிட்டு, மறுபடி போட்டுச் சிவக்க எடுப்பார்கள். அதனால் கடிக்கும்போது மேலே உடைவதும் உள்ளே நொறுங்குவதும் வேறு வேறு ஓசையாகக் கேட்கும். ஊர்த் தண்ணீரின் உப்புதான் ருசிக்குக் காரணம் என்பது உள்ளூர்க்காரர்கள் விட்டுக்கொடுக்காத கட்சி. விவசாயத்துக்குத் தொல்லையான தண்ணீர் பலகாரத்துக்குப் புகழ் தந்தது என்ற அந்த வாதத்தை நானும் மனமார ஏற்கிறேன். ஊரின் மாட்டுச்சந்தையை 1957-இல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ படத்துக்கு மருதகாசி எழுதிய பாட்டு தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதைப் பற்றி நான் சொல்லிக் கூட்ட எதுவும் இல்லை.

வீரப்பூர் வண்டியில் ஏறியவர் வழி கேட்டுப் பார்க்க வேண்டும். "பெரியகாண்டி கோயிலுக்கா, படுகளத்துக்கா?" என்று எதிர்க்கேள்வி வரும். கேட்கிறவர் முகத்தில் ஒரு மெல்லிய கண்டிப்பு இருக்கும். வேடிக்கை பார்க்க வந்தவனா, வேண்டுதலோடு வந்தவனா என்று அளக்கிற பார்வை அது. பொன்னர், சங்கர் என்ற அண்ணன்மார் இங்கே தெய்வங்கள், பலருக்குக் குலதெய்வம். கொங்கு நாடு முழுவதும் இரவிரவாக உடுக்கை அடித்துப் பாடப்படும் அண்ணன்மார் கதையின் கடைசிக் களம் இந்த மண்தான். பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் 1965-இல் கொங்குக் கிராமத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டை ஒலிநாடாவில் பிடித்து, பின்னர் நூலாக்கினார். கலைஞர் அதை நாவலாக எழுதினார், அது படமாகவும் வந்தது. இவ்வளவு தூரம் பயணம் போன கதையின் கடைசிக் காட்சிக்கு ஒரு டவுன் பஸ் போகிறது என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வீரமலை ஜன்னலில் மெதுவாக வளரும். உயரத்தால் மிரட்டுகிற மலை இல்லை. பாறையும் முட்புதருமாக, வெயிலில் சாம்பல் பூத்து, மாலையில் செம்மை ஏறி நிற்கும். அண்ணன்மார் மாண்டதும் தங்கை தங்காள் அழுதுகொண்டே அவர்களைத் தேடி நடந்ததும் இந்தப் பக்கத்தில்தான் என்று கதை சொல்கிறது. மாசித் திருவிழாவில் படுகளம் நடக்கிறது. போரில் விழுந்தவர்களைப் போலப் பக்தர்கள் சாய்கிறார்கள், பிறகு எழுப்பப்படுகிறார்கள். அதே திருவிழாவின் வேடபரி நாளன்று பொன்னர் குதிரை வாகனத்திலும் பெரியகாண்டியம்மன் யானை வாகனத்திலும் அணியாப்பூர் நோக்கிப் புறப்படுவார்கள். அந்த நாளில் கரூர், ஈரோடு, நாமக்கல் பக்கத்துச் சனமெல்லாம் இங்கே இருக்கும். பஸ்ஸில் ஊசி குத்த இடமிருக்காது. நான் விரும்புவது திருவிழா ஓய்ந்த சாதாரண நாளை. வழியில் ஏறும் பெண் ஒருவர் கோயில் பக்கம் வண்டி திரும்பும்போது பேச்சை நிறுத்தாமலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். உர மூட்டையின் விலை பற்றிய வாக்கியம் பாதியில் இருக்கிறது, கை தானாக உயர்ந்து இறங்குகிறது, வாக்கியம் தொடர்கிறது. வரலாறு ஒரு ஊரில் உயிரோடு இருப்பதற்கு இதைவிட நுண்மையான சான்றை நான் கண்டதில்லை.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த வழித்தடங்களின் முகமே அதனால் மாறியிருக்கிறது. வேலைக்கும் சந்தைக்கும் போகிறவர்களோடு, அக்கம்பக்கத்தார் நாலு பேராகச் சேர்ந்து கோயிலுக்கும் அணைக்கும் கிளம்பிவிட்டவர்களையும் பார்க்கிறேன். கட்டுச்சோறும் தண்ணீர் பாட்டிலும் பைக்குள் இருக்கும். ஊர் சுற்றுவது என்பது ஆண்பிள்ளைகளின் சொத்தாக இருந்த இடத்தில், பையன் படிப்பு, மருமகள் வேலை, மழை வராத கார்த்திகை என்று பேசிக்கொண்டே அவர்கள் ஊர் பார்க்கிறார்கள். அவர்கள் சிரிப்பைக் கேட்டபடி பின்சீட்டில் உட்கார்ந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அவர்கள் போகும் அணை பொன்னணியாறு. செம்மலைக்கும் பெருமாள்மலைக்கும் இடையிலுள்ள இடுக்கை அடைத்து 1970-களில் கட்டியது. வையம்பட்டிப் பக்கத்து வயல்களுக்கு நீர் தருவதற்கான அணை. ஆனால் நிரம்பும் ஆண்டுகள் குறைவு. நீர் இல்லாதபோதும் போகலாம். சாலை மலையை நெருங்க நெருங்க மரங்கள் கூடும், காற்றில் உலர்ந்த இலை வாசம் ஏறும். கடவூர் மலைகள் ஒரு வட்டமாகச் சுற்றி நிற்பதன் வெளி விளிம்பு இது. அந்த மலைக்காடுகளையும் திண்டுக்கல் மாவட்டத்துக் காடுகளையும் சேர்த்து, 11,806 எக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம்.

தேவாங்கைப் பகல் பஸ்ஸில் போய்ப் பார்க்க முடியாது. கால் கிலோ அளவே உள்ள இரவு விலங்கு அது; பூச்சிகளைத் தின்று உழவருக்கு உதவுவது. பார்க்க முடியாததை எப்படி நயந்து சொல்வது என்று கேட்கலாம். மரக்கிளைகளைப் பாருங்கள் என்பேன். தேவாங்கு தரையில் இறங்க விரும்பாது. கிளையிலிருந்து கிளைக்குக் கைமாற்றிக் கைமாற்றித்தான் நகரும். ஆகவே ஒரு மரமும் அடுத்த மரமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடமெல்லாம் அதற்குச் சாலை. கிளை விட்டுப்போன இடம் அதற்கு அறுந்த பாலம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வழியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், கண் இலைகளை விட்டுவிட்டு இலைகள் சேரும் இடங்களைத் தேடத் தொடங்கும். வேலியோரத்து முட்செடிக்குக்கூட மதிப்பு கூடும். மூடநம்பிக்கையும் மருந்து என்ற பேச்சும் இந்த உயிரை நெடுநாள் வேட்டையாடின. அது பிழைத்திருக்கும் காட்டின் ஓரம்வரை நம்மைக் கொண்டுவிடும் வண்டியை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

கொடும்பாளூருக்கு மணப்பாறை வந்து கிழக்கே போக வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் போகும் வண்டி பாறை நிலத்தைக் கடந்து, விராலிமலைக்குச் சற்றுத் தெற்கே மதுரைச் சாலையைத் தொடும் இடம். இருக்குவேளிர் என்ற சிற்றரசர்களின் தலைநகர் இது. அவர்களில் பூதி விக்கிரமகேசரி எழுப்பியதுதான் மூவர் கோயில். தன் பெயரால் ஒன்று, மனைவியர் கற்றளி, வரகுணை பெயரால் ஒவ்வொன்று என மூன்று விமானங்களைக் கட்டி, காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு மடமும் கொடுத்த செய்தி நடு விமானத்துச் சுவரில் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. இன்று இரண்டுதான் நிற்கின்றன. வடபுறத்ததில் அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

நான் நின்று பார்ப்பது கூரைவிளிம்புக்குக் கீழே ஓடும் பூதகண வரிசையை. ஒரு பூதம் வாயைக் கோணுகிறது, ஒன்று தாளம் போடுகிறது, ஒன்று பக்கத்திலிருப்பதை எட்டிப் பார்க்கிறது. மேலே கல் தளம் அவ்வளவு பாரத்தையும் இறக்கும் வரியில், சிற்பி இந்தக் குள்ளர்களின் கும்மாளத்தை வைத்தான். மேல்தளத்து மாடத்தில் அர்த்தநாரியின் இடுப்பு ஒருபுறம் ஒடிந்து நெளியும், மறுபுறம் நேராக இறங்கும். ஒரே கல்லில் இரண்டு நிற்கும் விதம்! வெயில் சாயச் சாய இடுப்பின் அந்த வளைவுக்குள் நிழல் கோடு இழுக்கும். விமானங்கள் பெரியவை இல்லை. சுற்றிவரச் சில நிமிடம் போதும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முந்திய கை இது. அளவில் அடக்கம் காட்டிய கை என்பதால் எனக்கு இன்னும் பிரியம்.

சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும் மறையவர், கொடும்பை நெடுங்குளத்தை அடைந்தால் பாதை சிவனுடைய சூலத்தைப் போல மூன்றாகப் பிரியும் என்று சொல்கிறார். ஒவ்வொரு வழியிலும் என்ன வரும், எங்கே கவனம் வேண்டும் என்றும் விரித்துரைக்கிறார். அந்தக் கொடும்பைதான் இந்த ஊர். இன்றும் இங்கே சாலைகள் பிரிகின்றன. மதுரை ஒரு திசை, புதுக்கோட்டை ஒரு திசை, மணப்பாறை ஒரு திசை. நிறுத்தத்தில் நிற்கிற வெள்ளைவேட்டிப் பெரியவரிடம் எந்த வண்டி எப்போது என்று கேட்டால், அவரும் மறையவரைப் போலவே விரிவாகச் சொல்வார். இந்த வண்டியில் ஏறினால் விராலிமலையில் மாற வேண்டும், அந்த வண்டி இன்றைக்கு வராது, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒன்று உண்டு, அதில் ஏறினால் நேரே மணப்பாறை, அங்கிருந்து வையம்பட்டிக்கு வண்டி கிடைக்கும்.